உங்களுக்குத் தெரியுமா? – நூல் மாற்றிப் பின்னுகிறவர்களுக்கு

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிற தம்மம்பட்டியில் மார்கழிப் பனி இறங்கினால், குழந்தைக்குத் தொப்பியும் ஸ்வெட்டரும் பின்னித்தர ஆட்கள் கிடைப்பார்கள். பின்னல் புத்தகத்தில் போட்டிருக்கும் நூல்தான் கிடைக்காது. அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் எழுதப்பட்டவை. ஆத்தூரிலோ சேலத்திலோ கடைக்காரர் எடுத்துப் போடுவதை வைத்துத்தான் நாம் ஒப்பேற்ற வேண்டும். எந்த நூலுக்குப் பதில் எந்த நூல்? எத்தனை உருண்டைக்கு எத்தனை உருண்டை? இந்தக் கணக்கின் பாதி விடை நம் வட்டாரத் தறிக்காரர் வீடுகளிலேயே இருக்கிறது.

விற்பது கிராம், தின்பது மீட்டர்

கடையில் நூலை எடை போட்டுக் கொடுக்கிறார்கள். ஊசியோ நீளத்தைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் இத்தனை மில்லிமீட்டர் நூல் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த நூல் கனமா லேசா என்று ஊசிக்குக் கவலையில்லை. "500 கிராம் வேண்டும்" என்று குறிப்பில் இருந்தால், அது அந்தக் குறிப்பில் சொன்ன நூலுக்கு மட்டுமே பொருந்தும். நூலை மாற்றினால் அந்த 500-ஐ மறந்துவிட்டு, மொத்தம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள்.

840 கெஜத்தின் ரகசியம்

40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல் என்று நெசவாளர்கள் சொல்வது எதை? ஒரு சிட்டம் பருத்தி நூலின் நீளம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு கிலோ 40-ஆம் நம்பர் நூலைப் பிரித்து நீட்டினால் 67 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஏறக்குறைய சேலத்திலிருந்து ஈரோடு வரை! எடையையும் நீளத்தையும் ஒரே எண்ணில் அடக்கிய இந்தக் கணக்கு பின்னல் உருண்டையின் லேபிளில் இல்லாததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

பட்டுக்கு நேர்மாறு

பருத்தியில் எண் கூடினால் நூல் மெல்லியது. பட்டிலும் பாலியஸ்டரிலும் எண் கூடினால் நூல் தடிமன். ஏனென்றால் அவற்றை 'டெனியர்' கணக்கில் அளக்கிறார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். இரண்டுக்கும் பாலம் போட ஒரு எண் உண்டு, 5,315. அதை டெனியரால் வகுத்தால் பருத்தி நம்பர் வந்துவிடும். 150 டெனியர் நூல் ஏறக்குறைய 35-ஆம் நம்பர் பருத்திக்குச் சமம்.

இரண்டு பிரி சேர்ந்தால் பாதி

2/40 என்று எழுதியிருந்தால் 40-ஆம் நம்பர் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று பொருள். அதன் நீளக் கணக்கு 20-ஆம் நம்பருக்கு இறங்கிவிடும். 2/40 நூல் கிலோ என்ன விலை, 40-ஆம் நம்பர் ஒற்றை நூல் கிலோ என்ன விலை என்று மட்டும் பார்த்து 2/40 வாங்கினால் கைக்கு வரும் நீளம் பாதியாகக் குறைந்திருக்கும்.

சந்தா கட்டியது நூலில்!

நூலை நீளத்தில் அளப்பதை ஒரு காலத்தில் அரசியல் கட்சியே கைக்கொண்டது. 1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக ஆண்டுக்கு 24,000 கெஜம் நூல் என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தில் முதல் வகுப்பு உறுப்பினராகச் சேர மாதம் 1,000 கெஜம் தானே நூற்ற நூலைக் கொடுக்க வேண்டும். எடை என்று வைத்திருந்தால் தடியாக நூற்றுச் சீக்கிரம் முடித்திருப்பார்கள்! திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, ஊரூராய்க் கதர் நூற்க வைத்ததும் அதே 1925-ல்தான். இன்றைய கதர்ச் சிட்டத்துக்கு 1,000 மீட்டர் கணக்கு.

கைத்தறிக்கு ஒதுக்கீடு

மின்தறிக்குக் கோன் நூல், கைத்தறிக்குச் சிட்டா நூல், அதாவது சிட்டமாகக் கட்டியது. கைத்தறிக்காரருக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்பதற்காக, உள்நாட்டு விற்பனைக்குக் கட்டும் நூலில் குறிப்பிட்ட பங்கைச் சிட்டமாகத்தான் கட்ட வேண்டும் என்று நூற்பாலைகளுக்கு மத்திய அரசு விதித்திருக்கிறது. நெடுநாள் 40 சதவீதமாக இருந்த இந்தப் பங்கு, 2019 தொடக்கம் முதல் 30 சதவீதம். கையால் பின்னுகிறவர்களும் சிட்டா நூலைப் பயன்படுத்தலாம். எப்படி என்று கீழே வருகிறது.

உல்லன் நூலில் உல்லன் எங்கே?

நம் ஊர்க் கடைகளில் "உல்லன் நூல்" என்று கேட்டால் வரும் பளபள உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். செம்மறியாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்ரோலிய வகையறாவிலிருந்து வரும் செயற்கை இழை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 'ஆர்லான்' என்ற பெயரில் 1950-ல் இதை வணிக அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. குறிப்பில் கம்பளி என்று இருந்து நீங்கள் 'உல்லன்' வாங்கினால், நூல் மாற்றும் வேலை அந்த நொடியே தொடங்கிவிட்டது.

ஒரே தடிமன், வேறு நீளம்

பருத்தி இழையின் அடர்த்தி 1.54. கம்பளிக்கு 1.31. அக்ரிலிக்குக்கு 1.17. தடிமனும் முறுக்கும் ஒன்றாகவே இருந்தாலும், 100 கிராம் அக்ரிலிக்கில் கிடைக்கும் நீளம் 100 கிராம் பருத்தியில் கிடைக்காது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 300 கிராம் என்றால் அதே ஸ்வெட்டரைப் பருத்தியில் பின்ன 400 கிராம் வரை ஆகலாம். பருத்திக்கு எழுதிய குறிப்பை அக்ரிலிக்கில் பின்னுகிறவர்களுக்கு உருண்டை மிஞ்சுவதும் இதனால்தான்.

தண்ணீருக்கும் காசு

நூல் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். வணிகக் கணக்கில் உலர்ந்த பருத்தி 100 கிராமுக்கு 8.5 கிராம் ஈரம் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறார்கள். பட்டுக்கு 11, கம்பளிக்கு 16-க்கும் மேல், அக்ரிலிக்குக்கு 2-ஐ ஒட்டி. ஈரப் பட்டை விற்று ஏமாற்றுவதைத் தடுக்க, பிரான்சின் லியோன் நகரில் 1805-லேயே அரசு சார்பில் ஈரம் பார்க்கும் நிலையம் வந்துவிட்டது. ஐப்பசி அடைமழையில் எடை போட்ட கம்பளி நூலும் பங்குனி வெயிலில் எடை போட்டதும் ஒன்றல்ல. நீளமோ பெரிதாக மாறாது.

கால் பங்கு காணாமல் போகும் பட்டு

கச்சாப் பட்டு நூலைச் சுற்றி ஒரு பசை இருக்கும். சோப்பு நீரில் வேகவைத்து அதை நீக்கினால்தான் பட்டுக்கு மென்மையும் மினுக்கமும் வரும். அப்போது எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும். ஒரு கிலோ கச்சாப் பட்டு வாங்கினால் கையில் மிஞ்சுவது 750 முதல் 800 கிராம். அதனால் பட்டு நெசவில் "கச்சா எடையா, வேகவைத்த எடையா?" என்று கேட்காமல் கணக்குப் போட முடியாது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இழந்த எடையை ஈடுகட்டப் பட்டுக்கு வெள்ளீய உப்பு ஏற்றி விற்றார்கள். அந்தத் துணி சில ஆண்டுகளில் பொடிப்பொடியாகிவிடும்.

இரண்டே வரிச் சூத்திரம்

குறிப்பில் சொன்ன உருண்டைகளின் எண்ணிக்கையை ஓர் உருண்டையின் மீட்டரால் பெருக்குங்கள். வந்த விடையை, நீங்கள் வாங்கப்போகும் உருண்டையின் மீட்டரால் வகுங்கள். 6 உருண்டை, ஒவ்வொன்றும் 110 மீட்டர் என்றால் மொத்தம் 660. உங்கள் உருண்டை 200 மீட்டர் என்றால் 3.3, அதாவது 4 உருண்டை. பின்னத்தை எப்போதும் மேல்நோக்கியே முழு எண்ணாக்குங்கள்.

லேபிளில் மீட்டர் இல்லையா?

பல உருண்டைகளில் கிராம் மட்டும்தான் அச்சாகியிருக்கும். 10 மீட்டர் அளந்து வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற நுணுக்கமான தராசில் வையுங்கள். 5 கிராம் காட்டினால் ஒரு கிராமுக்கு 2 மீட்டர். 100 கிராம் உருண்டையில் 200 மீட்டர். நூலை இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக அளப்பது முக்கியம். அக்ரிலிக்கும் கம்பளியும் ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்து அளவைக் கெடுக்கும்.

ஸ்கேலில் ஒரு சோதனை

இரண்டு நூலும் ஒரே தடிமன்தானா? ஸ்கேலின் மேல் ஓர் அங்குலத்துக்கு நெருக்கமாக, ஆனால் அழுத்தாமல் சுற்றுங்கள். எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு நூலுக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு அது முதல் அறிகுறி. பெயர் தெரியாத மிச்ச நூல்களைத் தரம் பிரிக்கவும் இது உதவும்.

தலைகீழாக ஓடும் ஊசி நம்பர்

நம் கடைகளில் கிடைக்கும் பின்னல் ஊசிகளின் நம்பர் பழைய இங்கிலாந்துக் கணக்கு. அதில் நம்பர் கூடினால் ஊசி மெல்லியது: 8-ஆம் நம்பர் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் நம்பர் கூடினால் ஊசி தடிமன்: அங்கே 8-ஆம் நம்பர் 5 மி.மீ., 10-ஆம் நம்பர் 6 மி.மீ. அமெரிக்கக் குறிப்பைப் படித்துவிட்டு நம் ஊர் 10-ஆம் நம்பர் ஊசியில் பின்னினால், அப்பாவுக்குத் தொடங்கிய ஸ்வெட்டர் பேரனுக்குத்தான் சேரும். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

8 பிளையில் 8 இருக்காது

ஆஸ்திரேலியாவில் 8 பிளை என்று சொல்லும் நூலை இங்கிலாந்தில் டபுள் நிட்டிங், சுருக்கமாக டி.கே. என்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு பிரி இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். தொடக்கத்தில் பிரியின் எண்ணிக்கையைக் காட்டிய பெயர், இப்போது தடிமனை மட்டும் காட்டுகிறது. 10 செ.மீ. அகலத்துக்கு 21 முதல் 24 கண்ணி வரும் நூல் டி.கே. வகை; 27 முதல் 32 வந்தால் சாக்ஸ் பின்னும் மெல்லிய வகை; 16 முதல் 20 வந்தால் 'வர்ஸ்டட்' என்னும் தடித்த வகை.

இரண்டு கண்ணி, ஒன்பது சென்டிமீட்டர்

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் நேராக ஸ்வெட்டரில் இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும். குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி. உங்கள் கைக்கு 20 கண்ணிதான் வருகிறது. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி போட்டால், 91 செ.மீ. வரவேண்டியது 100 செ.மீ. ஆகிவிடும். உடனே ஊசியை ஒரு நம்பர் மெல்லியதாக்குங்கள். அப்படியும் துணி அட்டை மாதிரி விறைத்தால் நூல் அந்தக் குறிப்புக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

துண்டைத் தராசில் வையுங்கள்

மாதிரித் துண்டு அளவை மட்டுமா சொல்லும்? தேவையான நூலையும் சொல்லும். 10-க்கு 10 செ.மீ. துண்டு 6 கிராம் இருக்கிறது. ஸ்வெட்டரின் முன், பின், இரண்டு கை எல்லாம் சேர்ந்த பரப்பு 4,500 சதுர செ.மீ. என்றால் அது 45 துண்டுக்குச் சமம். 45-ஐ 6-ஆல் பெருக்கினால் 270 கிராம். பட்டை, கழுத்து, தையல் என்று பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 300. குறிப்பே இல்லாமல் சொந்தமாகப் பின்னுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

அளவு இரட்டித்தால் நூல் நான்கு மடங்கு

துணி பரப்பில் வளர்கிறது. நீளமும் அகலமும் இரட்டித்தால் நூல் இரண்டு மடங்கு போதாது. நான்கு மடங்கு வேண்டும். 80 செ.மீ. ஸ்வெட்டரை 100 செ.மீ.க்கு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் நூல் 1.56 மடங்கு. ஆனால் பெரியவர்களுக்கு அளவு கூடும்போது சுற்றளவுதான் கூடும், உயரம் அவ்வளவாகக் கூடாது. அப்போது 1.25 மடங்கை ஒட்டியே முடிந்துவிடும். எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்த்துப் பெருக்குங்கள்.

தம்மம்பட்டிச் சிற்பியின் கணக்கு

தம்மம்பட்டி என்றால் மரச்சிற்பம். வாகை போன்ற நாட்டு மரங்களில் சாமி உருவங்கள், வாகனங்கள், கதவு வேலைப்பாடுகள் என்று உளி பேசும் ஊர். இங்கே ஓரடிச் சிலையை ஈரடியாகச் செய்யச் சொன்னால் மரம் எத்தனை மடங்கு வேண்டும்? எட்டு! உயரம், அகலம், கனம் மூன்றும் இரட்டிக்கின்றன. குரோஷாவில் பொம்மை பின்னுகிறவர்களுக்குச் சிற்பி கணக்கும் வேண்டும், நெசவாளர் கணக்கும் வேண்டும். 15 செ.மீ. பொம்மையை அதே நூலில் 30 செ.மீ. ஆக்கினால் மேல்துணிக்கு நூல் நான்கு மடங்கு, உள்ளே அடைக்கும் பஞ்சு எட்டு மடங்கு.

கண்ணி மாறாமல் பொம்மை பெரிதாக

இன்னொரு வழி: கண்ணி எண்ணிக்கையைத் தொடாமல், இரண்டு மடங்கு தடித்த நூலும் அதற்கேற்ற ஊசியும் எடுப்பது. பொம்மை தானாகவே இரண்டு மடங்கு உயரமாகும். நூலின் நீளம் இரண்டே மடங்கு. ஆனால் தடித்த நூல் மீட்டருக்கு நான்கு மடங்கு கனம். ஆக மொத்த எடை எட்டு மடங்கு! வேலை நேரம் மிச்சம், நூல் செலவு கூடுதல். எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் ஒன்றும் 1.4

மெல்லிய நூல் இரண்டைச் சேர்த்துப் பின்னினால் இரண்டு மடங்கு தடிமன் வரும் என்று நினைக்கிறோம். வருவது ஏறக்குறைய 1.4 மடங்குதான். இரட்டிப்பது குறுக்குவெட்டுப் பரப்பு. விட்டம் இரட்டிக்க வேண்டுமானால் நான்கு இழை சேர்க்க வேண்டும். சாக்ஸ் நூல் இரண்டு சேர்த்தால் டி.கே.க்கும் வர்ஸ்டட்டுக்கும் இடையில் வந்து நிற்கும். இரண்டு இழை ஓடுவதால் மீட்டர் கணக்கையும் இரட்டிக்க மறக்காதீர்கள்.

தறி நூலில் ஸ்வெட்டர்

சமவெளிச் சூட்டுக்குக் கம்பளி எதற்கு? சிட்டா நூலே போதும். 10-ஆம் நம்பர் பருத்தி நூல் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். எட்டு இழை சேர்த்தால் கிராமுக்கு 2.1 மீட்டர், அது டி.கே. பருத்தி நூலின் கணக்கு. ஐந்து இழை சேர்த்தால் 3.4 மீட்டர், சாக்ஸ் தடிமனை ஒட்டி வரும். டி.கே.யில் 660 மீட்டர் கேட்கும் ஸ்வெட்டருக்கு எட்டு இழையாகச் சுமார் 310 கிராம் போதும். இழைகளை லேசாக முறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊசி முனை இரண்டு இழையை விட்டுவிட்டு ஆறு இழையை எடுக்கும். குறிப்பில் கேட்ட கண்ணி வருகிறதா என்று மாதிரித் துண்டில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

டிசைன் எவ்வளவு தின்னும்?

ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே அளவு. ஆனாலும் டிசைன் மாறினால் நூல் மாறும். சடைப் பின்னல் துணியைக் குறுக்கே சுருக்கும். அகலம் வர அதிகக் கண்ணி போட வேண்டும். ரிப் பட்டையும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரிவரியாக வரும் சாதாரணப் பின்னலில் வரிசைகள் நெருங்கி உட்காரும். உயரம் வர அதிக வரிசை வேண்டும். ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் டிசைன் மட்டும் சிக்கனம். எளிய டிசைனுக்குச் சொன்ன அளவில் சடைப் பின்னல் போட்டால் நூல் பாதியில் தீரும்.

குரோஷாவின் பசி

ஊசி ஒன்றுதான், நூல்தான் அதிகம். அதே நூலில் அதே பரப்பைப் பின்ன, இரட்டை ஊசிப் பின்னலைவிடக் குரோஷாவுக்குப் பொதுவாகக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல் நூல் ஆகும். கண்ணியோடு கண்ணி முடிச்சுப்போலச் சுற்றிக்கொள்வதே காரணம். பின்னல் குறிப்பைக் குரோஷாவுக்கு மாற்றும்போது இதைச் சேர்த்து வாங்குங்கள்.

கடைசி வரிசைக்கு நூல் போதுமா?

ஒரு வரிசை பின்ன, துணியின் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் போகும். மூடும் வரிசைக்கு நான்கு மடங்கு வைத்துக்கொண்டால் பயமில்லை. சந்தேகமா? மிச்ச நூலைச் சரிபாதியாக மடித்து நடுவில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போடுங்கள். இரண்டு வரிசை பின்னுவதற்குள் அந்த முடிச்சு கைக்கு வந்துவிட்டால், இன்னும் இரண்டு வரிசைக்கு நூல் இல்லை. அந்த இடத்திலேயே மூடத் தொடங்குங்கள்.

வயர் கூடையில் அளவுப் பாடம்

வீட்டுத் திண்ணையில் வயர் கூடை பின்னும் அக்காமார்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. அவர்கள் கூடையைச் சொல்வதே "ரெண்டு ரோல் கூடை", "மூணு ரோல் கூடை" என்று ரோல் கணக்கில்தான். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சு மாறினால் வெட்டும் நீளமும் மாறும். முடிச்சு புடைத்து நிற்க நிற்க வயரை அதிகம் விழுங்கும். வயருக்குப் பதில் சணல் கயிறு எடுத்தால், தடிமன் கூடுவதால் முடிச்சும் பெரிதாகும். அதே கூடைக்குக் குறைந்த முடிச்சு போதும்.

பழைய பனியனில் 16 மீட்டர்

பழைய பனியன் துணியைச் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டினால் கால்மிதி பின்ன அருமையான நூல் கிடைக்கும். எவ்வளவு வரும்? பரப்பை நாடாவின் அகலத்தால் வகுங்கள். 50 செ.மீ. அகலம், கைக்குக் கீழே 40 செ.மீ. உயரம், முன்னும் பின்னும் இரண்டு மடிப்பு: 4,000 சதுர செ.மீ. நாடா 2.5 செ.மீ. அகலம் என்றால் 1,600 செ.மீ., அதாவது 16 மீட்டர். இழுத்துவிட்டால் சுருண்டு இன்னும் கொஞ்சம் நீளும்.

திருப்பூரிலும் இதே கதை

பனியன் துணியும் பின்னல்தான். கைக்குப் பதில் மெஷின். 30-ஆம் நம்பர் நூலில் ஓடிக்கொண்டிருந்த மெஷினில் எதையும் மாற்றாமல் 40-ஆம் நம்பர் நூலைப் போட்டால், துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) கால் பங்கு இறங்கிவிடும், துணி சல்லடையாகும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு கண்ணிக்கும் போகும் நூலின் நீளத்தைக் குறைப்பார்கள். வீட்டில் நீங்கள் ஊசியை மெல்லியதாக மாற்றுவதும் அதே வேலைதான்.

பருத்தி தொங்கும், கம்பளி திரும்பும்

கம்பளி இழையில் இயற்கையாகவே நெளிவு இருக்கிறது. இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. கம்பளிக்கு எழுதிய நீள ஸ்வெட்டரைப் பருத்தியில் பின்னினால் தன் எடையிலேயே தொங்கி முழங்காலை நோக்கி நீளும். மாற்று வழி: ஊசியை ஒரு நம்பர் குறையுங்கள், உயரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பின்னுங்கள், ரிப் பட்டையை இறுக்கமாகப் போடுங்கள். மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளந்து பாருங்கள்.

ஈரத்தில் யார் பலசாலி?

நனைந்தால் பருத்திக்குப் பலம் கூடும். விஸ்கோஸுக்கு நேர்மாறு, பாதி பலம் வரை போய்விடும். கம்பளியும் ஈரத்தில் இளகும். கடையில் 'மூங்கில் நூல்' என்று மென்மையாகத் தொட்டுக் காட்டுவதும் பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ்தான். அடிக்கடி அடித்துத் துவைக்கும் குழந்தைத் துணிக்குப் பருத்தியை விஸ்கோஸால் மாற்றும் முன் ஒரு முறை யோசியுங்கள்.

சூடு யாருக்கு ஆகாது?

கம்பளியைச் சுடுநீரில் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சுருங்கிப் போகும். அக்ரிலிக் சுருங்காது, ஆனால் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் மூச்சு விட்டுத் தட்டையாகும், மறுபடி எழும்பாது. கம்பளிக் குறிப்பில் "ஆவி காட்டிச் சமப்படுத்தவும்" என்று இருந்தால், அக்ரிலிக்குக்கு அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பளபளக்கும் பருத்தி

குரோஷா நூலின் மினுக்கம் மெர்சரின் உபயம். இங்கிலாந்தின் ஜான் மெர்சர் 1844-ல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தபோது இழை உப்பிப் பலம் கூடியதையும், சாயம் நன்றாகப் பிடித்ததையும் கண்டார். 1850-ல் காப்புரிமை பெற்றார். இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பும் வரும் என்பது 1890-ஐ ஒட்டி ஹொரேஸ் லோ கண்டது. மெர்சரைஸ் செய்த நூல் வழுக்கும், கண்ணி துல்லியமாக நிற்கும். மேஜை விரிப்புக்கு அது. துடைக்கும் துண்டுக்குச் சாதாரணப் பருத்தி.

லாட் நம்பர் ஏன்?

ஒரே நிறம், ஒரே நம்பர். ஆனாலும் வேறு தொட்டியில் சாயம் போட்டால் ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கும். உருண்டையாகப் பார்த்தால் தெரியாது. பின்னிய பிறகு மார்பில் கோடு போட்ட மாதிரி தெரியும். மொத்த உருண்டையும் ஒரே லாட்டில் வாங்குங்கள். கிடைக்கவில்லையா? இரண்டு லாட்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கண்ணுக்குக் கோடு பிடிபடாது.

பிரித்த நூலும் நூல்தான்

இரண்டாம் உலகப் போரில், 1941-ல் இங்கிலாந்தில் துணிக்குப் பங்கீடு வந்தபோது பின்னல் கம்பளி நூலுக்கும் கூப்பன் கேட்டார்கள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் புதிதாகப் பின்னுவது அங்கே வீட்டு வேலையானது. பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நேராகும். பிறகு 10 மீட்டர் அளந்து எடை போட்டுவிட்டே அடுத்த கணக்கைத் தொடங்குங்கள்.

நாகர்கோவில் லேஸ்

1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து அந்தக் கலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். லேஸில் நூல் கிராம் கணக்கில் கொஞ்சம், மீட்டர் கணக்கில் ஏராளம். எடையைப் பார்த்து விலை பேசவே முடியாத வேலை.

அளவு ஒன்று, நூல் பல

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா விரிப்பை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். எங்கெங்கோ இருந்த பெண்கள் தங்களுக்குக் கிடைத்த நூலில் பின்னி அனுப்பியவை அந்தத் துண்டுகள். ஒவ்வொன்றையும் 40 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொண்டதால் இணைக்க முடிந்தது. நூல் எதுவாகவும் இருக்கட்டும், முடிந்த அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

குறிப்பில் 50 கிராம் உருண்டை 9 கேட்கிறார்கள்; ஓர் உருண்டையில் 120 மீட்டர். கடையில் இருப்பது அதே தடிமனில் 100 கிராம் உருண்டை, 190 மீட்டர். "மொத்தம் 450 கிராம்தானே, 5 போதும்" என்கிறார் கடைக்காரர். பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ள விரும்பும் நீங்கள் எத்தனை வாங்குவீர்கள்?

விடை: 7. தேவை 1,080 மீட்டர்; பத்து சதவீதம் சேர்த்தால் 1,188. அதை 190-ஆல் வகுத்தால் 6.25. கடைக்காரர் சொன்ன 5 உருண்டையில் 950 மீட்டர்தான் இருக்கும்; குறிப்புக்கே 130 மீட்டர் குறையும், ஒரு கை முடியாது. பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முதலிலேயே கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே லாட்டில் கட்டச் சொல்லுங்கள்.